விராலடிப்பான் கூடும் விழுங்காத ரொட்டியும்

இன்னும் என் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பதாகவே நான் நினைத்துக்கொள்ளும் அம்மாவுக்கு,

உனக்குப் படிக்கத் தெரியாது. உனக்கு வந்த கடிதம் எதுவும் உனக்கு மட்டுமாக வந்ததில்லை. சிலோனிலிருந்து உன் அக்கா போட்ட கடிதங்களை நடுவட்டத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில், வாசலில் உட்கார்ந்து, நான்தான் சத்தமாகப் படிப்பேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். அழவேண்டிய இடம் வந்தால் உனக்கு முன்னால் அவர்கள் அழுதுவிடுவார்கள். இதையும் அப்படியே எழுதுகிறேன். நாலு பேர் கேட்கட்டும். தனியாக எழுதினால் உனக்கு இது கடிதமாகவே தோன்றாது.

இறந்தவர்களுக்கு நாம் பேசுவது கேட்கும் என்று நான் நம்புவதில்லை. அதைப் பற்றி நாம் சண்டைகூடப் போட்டிருக்கிறோம். ஆனாலும் உன்னிடம் சொல்லியாக வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. எதைச் சொல்லாதே என்றாயோ அதைத் தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

கேட்பவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து வருகிறேன்.

போன வருடம் மாசியில் உன் தொண்டைக்குக் கீழே சோறு இறங்க மறுத்தது. கோயம்புத்தூரில் பார்த்தார்கள். உணவுக்குழாயில் புற்று, வெட்டி எடுக்கும் நிலையைத் தாண்டிவிட்டது என்றார்கள். கல்லூரிக்கு நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு உன்னை ஊட்டிக்கு, பெர்ன்ஹில்லில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், பால் ஊற்றாத ஆறிய சாயத்தண்ணி, அதுவும் கரண்டி கரண்டியாக. அதற்கே உன் கண்ணில் நீர் முட்டும்.

பொழுது போகட்டும் என்று தொலைக்காட்சியைப் போட்டேன். இரண்டு நாளில் நிறுத்தச் சொல்லிவிட்டாய். "அத அமத்து புள்ள. எவளப் பாத்தாலும் தின்னுக்கிட்டே இருக்கா." அதுவரை நான் கவனித்ததே இல்லை. நாடகங்களில் எல்லாருமே சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் சண்டை போடுகிறார்கள். நடுவில் விளம்பரம் வந்தால் அதிலும் நெய் ஒழுகுகிறது. விழுங்க முடியாத ஒருத்திக்குக் காட்டுவதற்கு நம் வீடுகளில் ஓடும் படங்களில் ஒன்றுகூட இல்லை.

சாப்பாடே இல்லாத ஒன்றைத் தேடினேன். ஸ்காட்லாந்தில் ஒரு ஏரிக்கரை. பட்டுப்போன பைன் மரத்தின் உச்சியில் குச்சிகளால் கட்டிய பெரிய கூடு. அதற்கு எதிரே யாரோ கேமரா பொருத்தி, இரவும் பகலும் நேரடியாக இணையத்தில் விட்டிருந்தார்கள். பழுப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. காற்று அடித்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. இதுதான் உனக்கு ஏற்றது என்று முடிவு செய்து மடிக்கணினியை உன் கட்டிலருகே ஸ்டூலில் வைத்தேன். முட்டை பொரிந்த பிறகு அந்தக் கூட்டில் தீனி ஊட்டுவதைத் தவிர வேறு எதுவுமே நடக்காது என்பது இயற்பியல் நடத்துகிற உன் மகளுக்குத் தோன்றவில்லை.

ஆங்கிலத்தில் ஆஸ்ப்ரே. தமிழில் விராலடிப்பான் என்று புத்தகத்தில் பார்த்துச் சொன்னேன். மீனைத் தவிர வேறு எதையும் அநேகமாகத் தின்னாத பருந்து. பனிக்காலத்தில் நம் பைக்காரா அணைப்பக்கமும் ஒன்றிரண்டு வரும் என்றேன்.

"இவதான் வர்றாளா?"

"இல்லம்மா. இந்த நாட்டுப் பறவை ஆப்பிரிக்காவுக்குப் போகும். இங்க வர்றது வேற."

"ஒனக்கு எப்படித் தெரியும்? கேட்டியா?"

நீ பிறந்த சிலோன் தோட்டத்துக்கு அந்த நாட்டு ஊர் ஒன்றின் பெயர்தான் வைத்திருந்தார்கள் என்றும் சொன்னேன். நீ திரையையே வெகுநேரம் பார்த்தாய். கேமராவின் கண்ணில் மழை வழிந்துகொண்டிருந்தது. "தொரைமாரு ஊரா இது? இங்கயே இவ்வளவு மழ பேயுதே. அப்புறம் எந்த மழையத் தேடி அங்க வந்தானுவ?"

அந்த நாட்களில் நீ நன்றாகத்தான் இருந்தாய் என்று இப்போது தோன்றுகிறது. ஆண் பறவை மீனைக் கொண்டுவரும்போது தலையைத் தான் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் கூட்டில் போடும். அதைக் கண்டுபிடித்தது நீதான். "தலைய முழுங்கிட்டு முண்டத்தக் கொண்டாறான் பாரு. ஒங்கப்பன் சம்பளம் கொண்டாந்த மாதிரி." பெண் பறவை மழையில் இறக்கையை விரித்து முட்டைகளை மூடி உட்கார்ந்தால், "இவளுக்கு லீவும் இல்ல, புள்ளக் காம்பராவும் இல்ல" என்பாய். என்னையும் தம்பியையும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், ஆயாவிடம் விட்டுவிட்டு மலையேறிக் கொழுந்து எடுக்கப் போன நாட்கள் உன் கண்முன் வந்திருக்கும். நான் கேட்கவில்லை. எதையும் வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் நம் இருவருக்கும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வருவான். நடுவட்டத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து லாரி ஓட்டுகிறவனுக்கு அந்த ஒருநாள்தான் ஓய்வு. காலை பஸ்ஸில் தூக்குச்சட்டியோடு வந்து இறங்குவான். உள்ளே தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி. உனக்கு உயிரான ரொட்டி. அதைப் பிய்த்துச் சாயத்தண்ணியில் ஊறவைத்துக் கூழாகப் பிசைந்து ஊட்டுவான். டாக்டர் கூடாது என்றதை நான் சொன்னபோது, "டாக்டருக்கு எங்கம்மாவத் தெரியுமா?" என்றான். நீ வாயைத் திறந்தாய். வாங்கிக்கொண்டாய். சிரித்தாய். அவனோடு ஊர்க்கதை பேசினாய். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒன்பது வயதில் ஓட்டப்பந்தயத்தில் டிபன் பாக்ஸ் வாங்கிய அன்றைக்கு அவன் முகம் அப்படித்தான் இருந்தது.

அவன் பஸ் ஏறியிருப்பான் என்று உறுதியான பிறகு என்னைப் பார்த்துக் கையை அசைப்பாய். நான் வாய் கொப்பளிக்கும் பேசினை எடுத்து வருவேன். கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த அத்தனையையும் துப்புவாய்.

வாழ்நாள் முழுக்க வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு கொழுந்து எடுத்தவள் நீ. மலைச்சரிவில் நின்றபடியே கங்காணியோடு வாக்குவாதம் செய்வாய், பாட்டுப் பாடுவாய், வாயிலிருக்கும் வெற்றிலை கொஞ்சம்கூட இடம் மாறாது. தோட்டத்துப் பெண்களுக்கு அது மூச்சு விடுவதுபோல. அந்த வித்தை கடைசியில் இதற்கா உதவ வேண்டும்?

"அவனுக்கு ஊட்டுறது நல்லாருக்கு. எனக்கு முழுங்குறதுதான் நோவு. ஊட்டிட்டுப் போகட்டுமே" என்றாய்.

வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தால் அதன் வழியாகக் கஞ்சி கொடுக்கலாம் என்று கோயம்புத்தூர் மருத்துவர் சொல்லியிருந்தார். உன்னிடம் எப்படிக் கேட்பது என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நீயே ஒரு காலையில் ஆரம்பித்தாய். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"கொழா வேணாம் புள்ள."

"நல்லா யோசிச்சு சொல்லும்மா. கொஞ்ச நாள் கூட இருக்கலாம்."

"இருந்து? கொழுந்து எடுக்கப் போகணுமா?"

நான் போர்வையை இழுத்து உன் காலை மூடினேன்.

"நான் சொன்னேன்னு அவன்கிட்ட சொல்லாத. நீதான் வேணாம்னேன்னு இருக்கட்டும்."

"ஏம்மா?"

"நீ தாங்குவ."

யாரைக் கேட்டு அப்படி முடிவு செய்தாய்? நான் தாங்குவேன் என்று உனக்கு யார் சொன்னது? நிறையப் படித்தால் தோல் தடித்துவிடும் என்று நினைத்தாயா? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். நான் போய் உன் சாயத்தண்ணியை ஆற்றிக்கொண்டு வந்தேன்.

மருத்துவமனைக்கு நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது தெரிந்ததும் தம்பி போனில் கத்தினான். "அவங்களுக்கு நல்லா சாப்பிட முடியுது. நாந்தான் ஊட்டுறேனே, எனக்குத் தெரியாதா? அந்தக் கொழாவும் வெச்சிட்டா தேறிருவாங்க. நீ ஏன்க்கா வேணாம்னு எழுதிக் குடுத்த?" எனக்கு அதுதான் சரி என்று பட்டது, அதனால்தான் என்றேன்.

வைகாசிக் கடைசியில் அங்கே முட்டைகள் பொரிந்தன. மூன்று குஞ்சுகள். மூன்றாவது தாமதமாக வந்தது. மூத்தவை இரண்டும் அதன் தலையில் கொத்திக்கொண்டே இருந்தன. தாய் மீனைக் கிழித்து ஊட்ட ஆரம்பித்தால் அது கூட்டின் ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிடும். திரையின் பக்கத்தில் உலகமெங்குமிருந்து ஆட்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிரார்த்தனைகள், அழும் முகங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாய். படித்துச் சொன்னேன். "வேலையத்தவங்களா?" என்றாய். நாமும் அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தம்பி வந்திருந்த ஒரு ஞாயிறு அது. இங்கேயும் மழை, அங்கேயும் மழை. மூத்தவை இரண்டும் தின்று முடித்து ஒதுங்கிவிட்டன. தாய்ப்பறவை ஒரு சின்னத் துண்டை அலகின் நுனியில் பிடித்துக்கொண்டு மூன்றாவதின் அருகே வந்து குனிந்தது. அது வாயைத் திறக்கவில்லை. நிமிர்ந்தது, மறுபடி குனிந்தது. அலகால் அதன் அலகைத் தொட்டது. அது திறக்கவில்லை. மறுபடியும் குனிந்தது. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அந்தத் துண்டைத் தானே விழுங்கிவிட்டு மழையைப் பார்த்து நின்றது.

"ஏன், அந்தக் கேமராவ வெச்சவன் ஏணியப் போட்டு ஏறி அதுக்கு ஒரு துண்டு வெக்கக் கூடாதா?" என்றான் தம்பி.

"காட்டு விஷயத்துல அவங்க தலையிட மாட்டாங்கடா."

"அப்புறம் எதுக்குப் பாக்குறது? சாவுறதப் படம் புடிக்கவா?" என் பக்கம் திரும்பாமலே சொன்னான். "ஒன்ன மாதிரி படிச்சவனுங்களா இருப்பானுங்க."

ரொட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நீ சொன்னாய்: "அதுக்கு வேணாம்டா. அவதான் விடாமப் போட்டு உசுர வாங்குறா."

அவன் அதைப் பறவையைப் பற்றிய பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டான். அடுத்த வாயைப் பிசைந்தான். "அது கெடக்கட்டும். நீ வாயத் தெற" என்றான். நீ திறந்தாய்.

மறுநாள் காலை அந்தக் குஞ்சு அசையாமல் கிடந்தது. அன்று முழுக்கத் தாய் அதன்மேலும் சேர்த்துத்தான் இறக்கையை விரித்து உட்கார்ந்தது. பிறகு மற்ற இரண்டும் அதன்மேல் நடந்தன. பாசியும் குச்சியும் விழுந்து மூடின. "எடுத்து வெளிய போட மாட்டாளா?" என்று நீ ஒருமுறை கேட்டாய். அதற்குப் பிறகு அந்தத் திரையைப் பற்றி நீ பேசவே இல்லை. மூடிவிடட்டுமா என்றபோது வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாய். ஆடி பிறந்த பிறகு ஒரு மதியத்தில், அதில் காற்று அடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாய்.

உன்னை நடுவட்டத்துக்கே கொண்டுபோனோம். அப்பாவுக்குப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்று தம்பி ஒரே பிடியாக நின்றான். நல்ல மழை. தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். வாய்க்கரிசி போட வீட்டார் வாங்க என்று கூப்பிட்டார்கள். அவன் கையில் அரிசியை வாங்கிக்கொண்டு, போடாமல், என்னைப் பார்த்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"உசுரோட இருந்தப்ப வயித்துக்கு ஒரு வாய் போக விடல இவ. இப்ப போடச் சொல்றீங்க. இவளையே போடச் சொல்லுங்க."

உன் சொந்தக்காரப் பெண்கள் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். லயத்திலிருந்து படிக்கப் போனவள், சம்பாதிக்கிறவள், தனியாக வீடு வைத்திருக்கிறவள், பெற்றவளைப் பட்டினி போட்டவள். அவர்களுக்கு எல்லாம் சரியாகப் பொருந்தியது. நான் அரிசியைப் போட்டுவிட்டு நகர்ந்தேன். நீ நினைத்தபடியே நான் தாங்கினேனா என்று பார்ப்பதற்கு நீ அங்கே இல்லை. இருந்தாய், கண்ணை மூடிக்கொண்டு.

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. தீபாவளிக்கு அழைக்கவில்லை. பொங்கலுக்கு நானாகப் போனேன். லாரியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அவன் மனைவி செல்விதான் காப்பி கொடுத்து, "மனசுல வெச்சுக்காதீங்க அண்ணி" என்றாள்.

இந்த வருடமும் சித்திரையில் அந்தக் கூட்டைத் திறந்து பார்த்தேன். ஏன் என்று கேட்காதே. பெண் பறவை முதலில் வந்தது, ஆண் பிந்தி வந்தது. போன வருடத்து இணைதான் என்று திரையோரத்தில் எழுதினார்கள். செத்துப்போன குஞ்சின் மேல் இரண்டும் புதுப் பாசியைக் கொண்டுவந்து பரப்பின. இந்தமுறை இரண்டே குஞ்சுகள். கல்லூரிக்குக் கிளம்பும் முன் சற்று நேரம் பார்ப்பேன். ஊட்டும் நேரம் வந்தால் மூடிவிடுவேன்.

இப்போது வருவதுதான் உனக்குச் சொல்ல வேண்டிய பகுதி.

ஆனி மாதக் கடைசியில் செல்வி போன் செய்தாள். அவளுடைய அம்மாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு. உனக்கு அவரை நன்றாகத் தெரியும்; சிலோனிலிருந்து ஒரே கப்பலில் வந்தவர்கள், ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள், பிறகு சம்பந்தியும் ஆனீர்கள். கூடலூரில் ஒரு மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். பேச்சு போய்விட்டது, விழுங்கவும் வராது, இனித் தேறுவது கடினம், வீட்டுக்குக் கொண்டுபோனாலும் போகலாம் என்று மருத்துவரே சொல்லியிருந்தார். தம்பி கேட்கவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்லியிருந்தான். வலது கை அசைவதால் அவர் அதைப் பிடுங்கிக்கொண்டே இருந்தார். மறுபடி போடுவார்கள், மறுபடி பிடுங்குவார்.

"கையக் கட்டிலோட கட்டி வெச்சிருக்காங்க அண்ணி. இவருதான் கட்டச் சொன்னாரு" என்றாள் செல்வி. "எங்கம்மாவக் களவாணி மாதிரி கட்டி வெச்சிருக்கு. நான் சொன்னா, 'எங்கம்மாவுக்குத்தான் செய்ய விடல, ஒங்கம்மாவுக்காச்சும் செய்யுறேன்'ங்கறாரு. அதுக்கு மேல நான் என்ன பேச? நல்லதுன்னு நெனச்சுத்தானே செய்யுறாரு."

அன்றைக்கே பஸ் ஏறினேன். நடுவட்டத்தைத் தாண்டிக் கீழே இறங்க இறங்க மழை கனத்தது. வழி முழுக்க ஒன்றையேதான் யோசித்தேன். உனக்குக் கொடுத்த வாக்கை வைத்துக்கொண்டிருந்தால் நஷ்டம் எனக்கு மட்டும் என்று இதுவரை நினைத்திருந்தேன். இப்போது அது இன்னொருத்தியின் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஆனால் சொல்லிவிட்டால் அவனுக்கு என்ன மிஞ்சும்? அந்த ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான் அவன் கையில் இருக்கின்றன. அம்மா என் கையால் சாப்பிட்டாள் என்பது ஒன்றுதான்.

செல்வியின் அம்மா சுருங்கிப் போயிருந்தார். மூக்கில் குழாய். மணிக்கட்டில் துணிப்பட்டை, அதன் மறுமுனை கட்டில் கம்பியில். விரல்கள் மட்டும் ஏதோ செய்துகொண்டிருந்தன. கொழுந்து கிள்ளுகிறார் என்றாள் செல்வி. எனக்கு அது நரம்பின் துடிப்பு என்று தோன்றியது.

தம்பி வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பேசினான், ஏறக்குறைய ஒரு வருடத்துக்குப் பிறகு.

"வா. இவங்களுக்கும் வேணாம்னு சொல்ல வந்தியா?"

"ஆமா."

அவன் சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை.

"ஒக்காருடா. ஒன்னு சொல்லணும். கொழா வேணாம்னது நான் இல்ல. அம்மா. ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க."

"எதுக்கு அவங்க அப்படிச் சொல்லணும்? நல்லாத்தானே சாப்பிட்டாங்க."

"சாப்பிடல."

"என் கையால சாப்பிட்டாங்க."

"வாங்கிக்கிட்டாங்க. முழுங்கல. கன்னத்துல ஒதுக்கிக்கிட்டாங்க. நீ போனதும் துப்பிட்டாங்க. நாந்தான் பேசின் புடிச்சேன்."

"பொய் சொல்லாதக்கா."

அக்கா என்றான். அதை அவன் கவனிக்கவில்லை.

"பேசுனாங்களே. சிரிச்சாங்களே. வாயில வெச்சுக்கிட்டு எப்படி…"

பாதியில் நின்றுவிட்டது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. வெற்றிலையை அடக்கிக்கொண்டு நீ பேசியதைக் கேட்டு வளர்ந்தவன். நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவன் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"எல்லா வாரமுமா?"

ஒரு பொய் வாய்வரை வந்தது. ஒரே ஒரு வாரம் விழுங்கினார்கள் என்று சொல்லிவிடலாம். அது அவனுக்குப் போதும். ஆனால் அந்த ஒரு வாய்க்காக அவன் இன்னும் எத்தனை பேருடைய கையைக் கட்டுவான்?

"எல்லா வாரமும்."

டீ கிளாஸைப் பெஞ்சுக்கு அடியில் வைத்தான். மழையைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "ரொட்டி நல்லால்லையா?"

"என்னடா பேசுற?"

"நாந்தான் சுடுவேன். செல்விக்கு அந்த ரொட்டி வராது. கல்லாட்டம் போயிரும். விடியக்காலம் எந்திரிச்சு நானே சுட்டேன்."

"செல்வி சுட்டான்னுல்ல சொல்லுவ."

"ஆம்பள சுட்டேன்னு சொன்னா அம்மா சிரிப்பாங்கன்னு."

நானும் அவனும் ஒரே நேரத்தில் அழுதோம் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. அவன் கைலியால் முகத்தைத் துடைத்தான். நான் கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டேன். "ஒன்கிட்ட மட்டும் எப்படிச் சொன்னாங்க?" என்று கேட்டான்.

அப்புறம் எழுந்து உள்ளே போனான். கட்டிலருகே குனிந்து பட்டையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். ஈரத்தில் இறுகிப்போயிருந்தது. மருந்து கொண்டுவந்த நர்ஸ், வயநாட்டுப் பக்கத்துப் பெண், "சேட்டா, கெட்டு அவுக்கண்டா. கை விட்டா அம்மச்சி டியூப்ப ஊரிக் களையும், பிடுங்கிருவாங்க" என்றாள். அவன் கேட்காத மாதிரி அவிழ்த்தான். செல்வி எழுந்து நின்றாள்.

கை முதலில் அப்படியே கிடந்தது. பிறகு மெல்ல மேலே எழுந்தது. மார்புக்கு வந்து, அங்கே சற்று ஓய்ந்தது. கழுத்துக்கு வந்தது. தம்பியின் கை தடுக்கப் போவதுபோல நீண்டது. பிறகு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து ஒரு கூட்டைப் பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போது தெரிந்தது. கை எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு, எட்டாமல் வைத்துக்கொள்வது வேறு. விரல்கள் குழாயைத் தேடிப் பிடித்தன. இழுத்தன. மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"திரிச்சும் போடணுமா?" என்று, விழுந்த குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு நர்ஸ் கேட்டாள்.

செல்வி தன் புருஷனைப் பார்த்தாள். அவன் அவிழ்த்த பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"வேணாம் சிஸ்டர். வீட்டுக்குக் கொண்டு போறோம்" என்றாள் செல்வி.

வீட்டில், செல்வியின் மடியில், உதட்டில் தண்ணீர் நனைத்த துணியோடு அவர் இரண்டு மூன்று நாள் இருந்தார். சுலபமாகப் போனார் என்று சொல்லமாட்டேன். மூச்சு மிகவும் இழுத்தது. நாங்கள் செய்தது சரிதானா என்று செல்வி ஒருமுறை கேட்டாள். தெரியவில்லை என்றுதான் சொன்னேன். உன் விஷயத்திலும் எனக்கு அவ்வளவுதான் தெரியும். நீ கேட்டதைச் செய்தேன். கேட்டது சரியா என்று உன்னிடம் விசாரிக்க வழியில்லை.

தம்பியும் நானும் ஒன்றாகிவிட்டோம் என்று நினைத்துவிடாதே. பேசுகிறான், அவ்வளவுதான். "அப்பவே சொல்லியிருந்தா ஒன்ன அடிச்சிருப்பேன்" என்றான். தெரியும் என்றேன். "இப்பவும் கோவமாத்தான் இருக்கு. யாரு மேலன்னு தெரியல. செத்தவங்க மேல கோவப்பட்டு என்னத்துக்கு ஆகும்?" என்றான். அவன் இனி ரொட்டி சுடுவதில்லையாம். செல்வி சொன்னாள்.

இதை எழுதப்போகிறேன், அச்சில் வரும் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். "எம்பேரப் போடாத. ரொட்டி சுட்டத எழுதிக்க" என்றான்.

போன ஞாயிறு பெர்ன்ஹில்லுக்கு வந்திருந்தான், வெறுங்கையோடு. மடிக்கணினி திறந்திருந்தது. குஞ்சுகள் இரண்டும் தாயளவு வளர்ந்துவிட்டன. இறக்கையை விரித்துக் காற்றில் எம்பி எம்பி உட்காருகின்றன. தாய் இப்போது ஊட்டுவதில்லை. மீனைக் கூட்டில் போட்டுவிட்டுப் பக்கத்துக் கிளைக்குப் போய்விடுகிறது. தின்றால் தின்கின்றன, இல்லாவிட்டால் கிடக்கிறது. அவன் உன் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்தான். ஏணியைப் பற்றியெல்லாம் பேசவில்லை.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டான்.

"அம்மாவுக்கு வருசத் தெவசம் வருது. நீ வரணும். படையல் போடணும்ல. என்ன வெக்கட்டும்?"

உனக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் நிரப்பி, சாம்பிராணி போட்டு, சாப்பிடு சாப்பிடு என்று கும்பிடுவதுதான் வழக்கம். செத்தவர்கள் வந்து சாப்பிடுவார்கள் என்பதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அன்றைக்கு மட்டும், ஒருவேளை வந்தால் என்று யோசித்தேன். எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வாயோ?

நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்திருக்கிறோம். உறவுக்காரர்கள் என்ன சொன்னாலும் சொல்லிக்கொள்ளட்டும். உன் முன்னால் இலையை விரிப்போம், ஆனால் அதில் எதையும் பரிமாற மாட்டோம். பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் மட்டும் இருக்கும், உனக்கு வேண்டுமென்றால். நானும் அவனும் இருக்கும் வரை இனி யாரும் உன்னை வாயைத் திறக்கச் சொல்ல மாட்டார்கள். இது என் வாக்கு. இதையாவது காப்பாற்றுகிறேன்.

உன் மகள்,
அவனுக்கு மறுபடியும் அக்கா.